டேக்டவுனா, ஒற்றை வில்லா? முதல் ரீகர்வ் வாங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

ரீகர்வ் வில் (நுனிகள் எய்பவருக்கு எதிர்ப்பக்கமாக வளைந்த வில்) வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கம்பெனி பெயரைக் கேட்பதில்லை. இரண்டு கைகளையும் விரித்து நிற்கச் சொல்லி, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளக்கச் சொல்வேன். அந்த அங்குலக் கணக்கை 2.5-ஆல் வகுத்தால் அவருடைய இழுநீளம், அதாவது நாணை அவர் எவ்வளவு தூரம் இழுப்பார் என்ற அளவு, ஏறக்குறைய கிடைத்துவிடும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்குக் கைவிரிப்பும் 66 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், இழுநீளம் 26 அங்குலத்துக்குச் சற்று மேலே வரும்.

இது ஏன் முக்கியம்? வில்லின் வளையும் பாகமான லிம்ப்பில் எழுதியிருக்கும் பவுண்ட் கணக்கு, வில்லை 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. அந்த இடத்தில் ஒரு அங்குலம் குறைந்தால் இரண்டு, இரண்டரை பவுண்ட் குறையும். 40 என்று எழுதிய வில் 26 அங்குலம் இழுப்பவருக்கு 35 பவுண்ட் அளவில்தான் இருக்கும். கை நீளமானவருக்கு அதே வில் 44-ஐத் தொடும். இந்த எண் தெரியாமல் எந்த வில்லை ஒப்பிட்டும் பயனில்லை.

சரி, வில்லுக்கு வருவோம். பாரம்பரிய ரீகர்வில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்: பிரித்துப் பூட்டும் டேக்டவுன், அல்லது ஒரே துண்டாக ஒட்டி இழைத்த வில். இரண்டுக்கும் நன்கு தெரிந்த மாதிரிகளையே எடுத்துக்கொள்கிறேன். டேக்டவுனுக்கு சாமிக் சேஜ்: 62 அங்குலம், நடுவில் மர ரைசர் (பிடியுள்ள நடுப்பகுதி), மேலும் கீழும் ஆளுக்கொரு போல்ட்டில் நிற்கும் லிம்ப்கள். லிம்ப் 25 பவுண்டிலிருந்து 60 வரை ஐந்தைந்தாகக் கிடைக்கும். ஒற்றை வில்லுக்கு அமெரிக்காவின் பேர் (Bear) நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் கிரிஸ்லி: 58 அங்குலம், மரமும் கண்ணாடியிழையும் அடுக்கடுக்காக ஒட்டியது.

கையில் எடுத்துப் பார்த்தால் மனசு கிரிஸ்லி பக்கம்தான் சாயும். கனம் குறைவு. பிடியிலிருந்து நுனி வரை ஒரே கோடாக ஓடும். மூட்டு இல்லாததால் அம்பு கிளம்பும்போது அதிர்வும் குறைவு, சத்தமும் குறைவு. சேஜில் போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் ஒவ்வொரு எய்தலுக்கும் 'ர்ர்' என்று ஒரு முனகல் கேட்கும். அதனால் பூட்டும்போதெல்லாம் போல்ட்டை ஒருமுறை சரிபார்ப்பது பழக்கமாக வேண்டும். ஆனால் சேஜின் கனமான ரைசர் கையில் அசையாமல் நிற்கும். புதிதாக எய்பவருக்கு அந்தக் கனம் உதவிதான்.

அழகில் ஒற்றை வில் ஜெயிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் முதல் வில்லாக டேக்டவுனைத்தான் வாங்கச் சொல்வேன். காரணம் ஒன்றே ஒன்று: இழுக்கும் எடையை மாற்ற முடியும்.

நான் முதலில் வாங்கியது 45 பவுண்ட் ஒற்றை வில். "ஆம்பளைக்கு இதுதான் சரியா இருக்கும், போகப் போகப் பழகிடும்" என்றார் விற்றவர். பழகவில்லை. முழு இழுவைக்கு முன்பே கை விட்டுவிடத் தொடங்கியது. வாயோரத்தைத் தொட வேண்டிய விரல், தாடைக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றது. தோள் தூக்கிக்கொண்டது. மூன்றாவது மாதம் வலது தோளில் வலி வந்து, ஐந்து வாரம் வில்லையே தொடவில்லை. திரும்ப 25 பவுண்ட் லிம்ப்பில் தொடங்கியபோது வலியைவிடப் பெரிய தொல்லை, மூன்று மாதத்தில் படிந்த தவறான பழக்கத்தைக் கழற்றுவதுதான். அதற்கு ஒரு வருடம் ஆனது.

இந்த 45 பவுண்ட் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று பிறகுதான் புரிந்தது. இணையத்தில் நாம் படிக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க வேட்டைக்காரர்கள் எழுதியவை. அங்கே பல மாநிலங்களில் மான் வேட்டைக்குக் குறைந்தபட்ச இழுவிசை இவ்வளவு இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வில்லோடு காட்டுக்குள் போகும் கேள்வியே இல்லை. நாம் எய்வது வைக்கோல் பலகையையும் ஃபோம் பலகையையும்தான். பதினைந்து, இருபது மீட்டரில் அதைத் துளைக்க 25 பவுண்டே தாராளம்.

எடை சரியா என்று பார்க்க நான் செய்வது இது: முழுவதும் இழுத்து, விரலை வாயோரத்தில் நிறுத்தி, பத்து நொடி நடுங்காமல் வைத்திருந்து, அம்பை விடாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதை ஐந்து முறை செய்ய முடிந்தால் அந்த எடை உங்களுடையது. பெரியவர்களுக்கு 25 அல்லது 30, பதின்வயதினருக்கு 20-க்குப் பக்கம். ஆறு மாதம், ஒரு வருடம் போனதும் அடுத்த ஐந்து பவுண்ட். டேக்டவுனில் அதற்கு லிம்ப் ஜோடி மட்டும் வாங்கினால் போதும், முழு வில்லின் விலையில் ஏறக்குறைய பாதிதான் ஆகும். ஒற்றை வில்லில் புது வில்லே வாங்க வேண்டும்.

நீளத்தையும் கவனிக்க வேண்டும். 58 அங்குல வில்லை 28-க்கு மேல் இழுத்தால் நாண் கூர்மையான கோணத்தில் மடங்கி விரல்களை நெருக்கும். கடைசி அங்குலங்களில் எடையும் திடீரென ஏறும். குட்டைக் கைக்காரருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. உயரமானவர் 62, 64 என்று போவதே நல்லது.

வெயில் விஷயம் நம் ஊருக்கு மிக முக்கியம். இரண்டு வகையிலும் லிம்ப் என்பது ஒட்டுப்பசையால் நிற்கும் அடுக்கு. சித்திரை வெயிலில் கதவடைத்த காருக்குள் ஒரு மதியம் கிடந்தாலே அடுக்கு பிரியலாம், லிம்ப் முறுக்கிக்கொள்ளலாம். சேஜில் அப்படி ஆனால் ஒரு ஜோடி லிம்ப் போகும். கிரிஸ்லியில் அப்படி ஆனால் முழு வில்லும் போகும். பிரித்த டேக்டவுன் ஒரு சாதாரணப் பையில் அடங்கிவிடும், பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோகலாம். பேர் நிறுவனத்தைத் தொடங்கிய ஃப்ரெட் பேர் (1902–1988) ஒற்றை வில்களுக்குப் பேர்பெற்றவர்தான். அவரே பிற்பாடு, கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே பூட்டிக் கழற்றும் டேக்டவுன் வில்லையும் வடிவமைத்தார்.

குதிரைவில்லைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். துருக்கி, மங்கோலியா, கொரியா பாணி வில்கள் அவை. அம்பு தாங்க மேடையே கிடையாது, வில்லைப் பிடித்த கையின் மேலேதான் அம்பு நிற்கும். மரபுப்படி கட்டைவிரலால் இழுத்தால் வலதுகைக்காரருக்கு அம்பு வில்லின் வலப்பக்கம் வரும். அருமையான கலை, ஆனால் அது தனிப் பாடம். ரீகர்வில் கற்றதை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

போட்டி நோக்கம் இருந்தால் முன்னாலேயே யோசியுங்கள். நம் நாட்டின் இந்தியன் ரவுண்ட் பிரிவில் மூங்கில் அல்லது மர வில்தான், அங்கே இந்த இரண்டுக்கும் இடமில்லை. குறிபார்க்கும் கருவி இல்லாமல் எய்யும் பேர்போ பிரிவில் நாண் கழற்றிய வில், 12.2 செ.மீ. விட்டமுள்ள வளையத்துக்குள் புக வேண்டும் என்று விதி. அதில் எய்பவர்கள் பெரும்பாலும் உலோக ரைசருக்குப் போய்விடுகிறார்கள்.

நாண்: டேக்ரான் என்ற பாலியஸ்டர் நாண் மெல்ல இழுபட்டு வில்லுக்கு இதமாக இருக்கும். அதிகம் இழுபடாத ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நாண் கொஞ்சம் வேகம் தரும், ஆனால் நுனி பலப்படுத்தப்படாத பழைய வில்லில் போட்டால் நுனியே பிளக்கலாம். பழைய ஒற்றை வில் மலிவாகக் கிடைத்தால் டேக்ரானைத் தவிர வேறெதுவும் மாட்டாதீர்கள். நாணேற்றும்போது காலுக்கிடையில் வில்லை வைத்து வளைக்கும் முறை வேண்டவே வேண்டாம், லிம்ப் முறுக்கிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். நாணேற்ற உதவும் ஸ்ட்ரிங்கர் கயிற்றை வில்லோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஏற்றிய பிறகு நாணுக்கும் பிடிக்கும் இடையிலான தூரம் இரண்டு வில்லிலுமே ஏழரைக்கும் எட்டு அங்குலத்துக்கும் இடையில் இருந்தால் சரி. குறைந்தால் நாணைக் கழற்றி நாலைந்து முறுக்கு கூட்டுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது.

இனி அம்பு. முதல் முறை வாங்குபவர்கள் வில்லுக்கு மாதக்கணக்கில் யோசித்துவிட்டு அம்பைக் கண்ணை மூடி எடுக்கிறார்கள். என் அனுபவத்தில் சேஜுக்கும் கிரிஸ்லிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, சரியான அம்புக்கும் தவறான அம்புக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. நாண் தள்ளும்போது அம்பு நேராகப் போவதில்லை, வளைந்து ரைசரைச் சுற்றிக்கொண்டு போகிறது. எவ்வளவு வளைய வேண்டும் என்பதைச் சொல்வதுதான் ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய அம்பின் நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் தாழ்ந்தால், அது 500 ஸ்பைன். எண் கூடக் கூட அம்பு இளகும். 30 பவுண்ட் வில்லுக்கு 600, 700 பக்கம் தேட வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கிறதென்று 400 எடுத்தால் அம்பு வளையாமல் ரைசரில் இடித்து இடப்பக்கம் போகும். எய்பவர் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். (வலதுகைக்காரர் கணக்கு இது, இடதுகைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.) இறகு இல்லாத அம்பு ஒன்றை இறகுள்ளவற்றோடு சேர்த்து எய்து பாருங்கள். அது மற்றவற்றுக்கு இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் இளக்கம்.

கார்பன், அலுமினியம், மரம் மூன்றும் ஓடும். மரம்தான் அழகு, ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று கிடைப்பது கடினம். கற்கும் காலத்துக்குக் கார்பன் போதும். ரைசர் மேடையிலேயே வைத்து எய்வதானால் பிளாஸ்டிக் இறகுக்குப் (வேன்) பதில் நிஜ இறகு வைத்த அம்பு வாங்குங்கள். இறகு மேடையில் உரசும்போது மடங்கி வழிவிடும், பிளாஸ்டிக் அம்பை எகிற வைத்துவிடும்.

இழுக்கும் விதத்தில் கிரிஸ்லிக்கும் சேஜுக்கும் வேறுபாடில்லை. சுட்டுவிரல் அம்பின் குதைக்கு (நாணில் பொருந்தும் பின்நுனிக்கு) மேலும் இரண்டு விரல் கீழும் வைப்பது ஒரு முறை, மூன்றையும் கீழே வைப்பது இன்னொன்று. பின்னது அம்பைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவரும் என்பதால் பக்கத்துக் குறிக்கு எனக்கு இதுவே வசதி. எதை எடுத்தாலும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

போன மாதம் என் அக்கா மகள் கேட்டபோது நான் எழுதிக்கொடுத்த பட்டியல் இதுதான்: 62 அங்குல டேக்டவுன், 25 பவுண்ட் லிம்ப், டேக்ரான் நாண், ஸ்ட்ரிங்கர், விரல் உறை, முன்கை உறை, இறகு வைத்த இளகிய கார்பன் அம்பு ஆறு. "அந்த ஒரே துண்டு வில் எப்ப மாமா?" என்றாள். 35 பவுண்ட் லிம்ப்பை அவள் நடுங்காமல் பிடிக்கும் நாளில் என்னுடைய கிரிஸ்லியை அவளிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.