வாக்கிங் மட்டும் போதுமா? அறுபதைத் தாண்டியவர்களுக்கான பயிற்சிகள், ஓர் ஒப்பீடு

காலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போனால் ஒன்றைக் கவனிக்கலாம். சளைக்காமல் சுற்றிச் சுற்றி நடக்கிற பெரியவர்களில் பலர், சிமெண்ட் பெஞ்சிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுகிறார்கள். மூச்சு தாங்குகிறது, தொடையில் பலமில்லை. சுகர், பி.பி., மூட்டுவலி என்று எதற்குப் போனாலும் "வாக்கிங் போங்க" என்றே சொல்லி அனுப்புவதால், அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. சென்னையில் நமக்குக் கைக்கெட்டும் வழிகள் நான்கு. வாக்கிங், யோகா வகுப்பு, வீட்டிலேயே செய்யும் கால் பலப் பயிற்சி, ஆஸ்பத்திரி மேற்பார்வையில் செய்யும் பயிற்சி.

வாக்கிங்கின் பலம் எல்லோருக்கும் தெரியும். செலவில்லை, பேச்சுத்துணை கிடைக்கும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் இதே கணக்குதான். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். பி.பி.க்கும் இதயத்துக்கும் தரும் மெட்டோபுரோலால், அட்டெனோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. அதனால் கை வாட்ச் காட்டும் எண்ணை விட இந்தப் பேச்சுக் கணக்கையே நம்பலாம். டைப் 2 சர்க்கரை உள்ளவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தால், ஒரே மூச்சில் அரை மணி நடப்பதை விடச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகக் குறைகிறது. அதிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதில்தான் பலன் அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வராந்தாவே இதற்குப் போதும்.

குறை எங்கே என்றால், மே மாத வெயிலிலும் நவம்பர் மழையிலும் நடை நின்றுபோகும். அதை விடப் பெரிய குறை, வெறும் நடை மட்டும் கீழே விழுவதைத் தடுக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், சமநிலைப் பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. அதோடு தசைப் பயிற்சியும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பெரியவர் உள்ள வீட்டுக்கு இதன் அருமை புரியும்.

இன்னொன்று. நம் பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் பலர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் அதில் வெறுங்காலோடு கால் வைக்கவே கூடாது. கல் குத்தியது தெரியாது. இரண்டு நாள் கழித்துப் புண்தான் தெரியும்.

யோகா நம் ஊருக்குப் புதிதல்ல. டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இங்கேதான் இருக்கிறது. ஆளுக்கும் அவர் உடல்நிலைக்கும் ஏற்ப ஆசனத்தை மாற்றிக் கற்றுத் தருவது அந்த வழி. அப்படிக் கிடைத்தால் யோகா அருமையான தேர்வு. மூச்சு சீராகும், முதுகு இளகும், சமநிலையும் கூடும். ஆனால் முப்பது பேரை உட்கார வைத்து எல்லோருக்கும் ஒரே ஆசனம் சொல்லும் வகுப்பு வேறு. கண் அழுத்த நோய் உள்ளவருக்குத் தலைகீழ் ஆசனம் ஆகாது. எலும்பு மெலிந்தவர் முன்னால் மடிந்து குனிவது ஆபத்து. முழங்கால் தேய்ந்தவரை வஜ்ராசனத்தில் உட்கார வைத்தால் வலிதான் கூடும். சேரும்போது ஆசிரியர் உங்கள் நோயையும் மாத்திரையையும் விசாரித்தாரா என்று பாருங்கள். விசாரிக்காவிட்டால் அந்த வகுப்பு வேண்டாம்.

என் ஓட்டு மூன்றாவதான வீட்டுக் கால் பலப் பயிற்சிக்குத்தான். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. வாரம் மூன்று நாள், சுமார் அரை மணி நேரம் கால் பலத்துக்கும் சமநிலைக்கும், அதோடு வாரம் இரண்டு முறை நடை. நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விழுவது 35 சதவீதம் குறைந்தது. தேவையானது ஒரு நாற்காலியும் கிச்சன் மேடையும்தான். மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, ஒரு பாதத்தின் முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. நாற்காலி மட்டும் கனமானதாக, சுவரை ஒட்டி இருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கொண்டு போய்விடும். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, பி.பி. எகிறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுந்தால் மூச்சு அடங்காது. சுலபமானதும் கணுக்காலில் எடைப்பட்டை கட்டிக்கொள்ளலாம். முழங்கால் தேய்மானத்துக்கும் இதே தொடைப் பயிற்சிதான் மருந்து. வலி இருக்கிறதே என்று காலை அசைக்காமல் வைத்தால் மூட்டு இன்னும் இறுகும்.

இதில் ஒரே சிக்கல், துணையில்லாவிட்டால் பத்து நாளில் விட்டுவிடுவோம். முதல் சில தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து சரிபார்ப்பது நல்லது. வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள், இதயம் பலவீனமானவர்கள் மட்டும் நான்காவது வழியான ஆஸ்பத்திரிப் பயிற்சியில் ஆரம்பிக்க வேண்டும். இசிஜி பார்த்தபடி செய்ய வைக்கிற மேற்பார்வை வேறெங்கும் கிடைக்காது. செலவும் அலைச்சலும் உண்டு, ஆனாலும் அந்த முதல் சில வாரங்களைத் தவிர்க்காதீர்கள்.

மற்றவர்கள் வாரம் மூன்று நாள் கிச்சன் மேடை, தினமும் சாப்பிட்ட பின் நடை என்று வைத்துக்கொள்ளலாம். யோகா பிடித்தால் அதோடு சேரட்டும். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தொடங்கும் முன் சுகர் பார்த்துவிடுங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆரம்பியுங்கள், பையில் குளுக்கோஸும் இருக்கட்டும். பயிற்சியின் நடுவே நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுவாக இருக்கும் என்று வீட்டுக்கு நடந்து போகாதீர்கள்.