பணம் போனது, ரசீது வரவில்லை: வருமான வரியை ஆன்லைனில் கட்டிய அனுபவம்

2025 செப்டம்பர் 15, ராத்திரி எட்டே முக்கால். என் கணக்கிலிருந்து 24,000 ரூபாய் கழிந்ததாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. அதே நேரம் திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்று, பரிவர்த்தனை நிறைவேறவில்லை என்றது. சலானை (வரி கட்டியதற்கான சீட்டு) தேடினேன், இல்லை. அடுத்த ஒன்றரை நாள் அந்தப் பணம் எங்கே இருந்தது என்று யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. வருமான வரித் தளத்தில் இருக்கும் 'இ-பே டேக்ஸ்' வசதியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், அந்த ராத்திரிக்கு அப்புறம் தள்ளிப்போட மனம் வரவில்லை.

நான் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். வேலை கொடுக்கிறவர்கள் 10% டிடிஎஸ் (கூலியிலேயே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். அதற்கு மேலும் வரி வரும். அப்படி மீதி வரும் வரி வருஷத்துக்கு 10,000 ரூபாயைத் தொட்டால் வருஷம் முடியும் முன்பே, முன்வரியாக நான்கு தவணையில் கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் அதையும் சேர்த்து 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுவதும். அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். தொழில் வருமானம் இல்லாத, 60 வயது தாண்டியவர்களுக்கு முன்வரி கிடையாது என்பதால் அவருக்குப் பாக்கி வருவதை ரிட்டர்ன் (வருஷ வருமானக் கணக்குப் படிவம்) போடும்போது கட்டினால் போதும். வழக்கமாக அது ஜூலையில் முடிந்துவிடும். 2025-இல் ரிட்டர்ன் கடைசி நாளை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளியதால் என் இரண்டாவது தவணையும் அப்பாவின் பாக்கியும் ஒரே நாளில் வந்து விழுந்தன. முன்னாடியே கட்டியிருக்கலாம்தான். வேலை முடித்துக் கொடுத்த இடத்திலிருந்து எனக்குப் பணம் வந்ததே 14-ஆம் தேதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வரி கட்ட லாகின் தேவையில்லை. முகப்புப் பக்கத்திலேயே பான் எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்து, ஓடிபி போட்டால் உள்ளே போய்விடலாம். ஆனாலும் லாகின் செய்து கட்டுவதுதான் நல்லது, அப்போதுதான் கட்டிய சலான்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாகத் தெரியும். பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சலான் உடனே இறங்குகிறது, வங்கிக் கிளையைக் காட்டும் பி.எஸ்.ஆர். குறியீடு, தேதி, வரிசை எண் என்று ரிட்டர்னில் நிரப்ப வேண்டிய மூன்றும் அதிலேயே இருக்கும். 2021 ஜூன் 7-இல் புதிய தளம் தொடங்கிய சமயத்தை நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஆகஸ்டில் தளம் இரண்டு நாள் திறக்காமலே கிடந்து, அதைக் கட்டிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரியை நிதி அமைச்சகமே கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அங்கிருந்து பார்த்தால் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது.

சரி, குழப்பத்துக்கு வருவோம். வரி கட்டும்போது தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு. நம் மனதில் இருப்பதோ நிதியாண்டு. 2025 ஏப்ரலிலிருந்து நான் சம்பாதிப்பது 2025-26 நிதியாண்டு வருமானம், அதற்கான முன்வரிக்கு 2026-27 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பா கட்டுவது அதற்கு முந்தைய வருஷத்து வருமானத்துக்கு, அவருக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. ஆக '2025-26' என்ற அதே எண் எனக்கு நிதியாண்டு, அப்பாவுக்கு மதிப்பீட்டு ஆண்டு. வரியின் வகை வேறு: முன்வரிக்கு 100, ரிட்டர்னுக்கு முன் கட்டும் சுயமதிப்பீட்டு வரிக்கு 300, துறை கேட்டுக் கட்டும் பாக்கிக்கு 400. என்னுடையதை முடித்த கையோடு அப்பாவுக்கு உட்கார்ந்தேன். 300 என்பதைச் சரியாகப் போட்டவள், ஆண்டை மட்டும் 2026-27 என்றே போட்டு 6,840 ரூபாயைக் கட்டிவிட்டேன். சலானை அச்செடுத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

ஆண்டைத் தவறாகப் போட்டால் பணம் தொலைந்துவிடாது, ஆனால் அந்த ரிட்டர்னோடு ஒட்டாது. கட்டவே இல்லை என்று கணக்காகி, வட்டியோடு கேட்டு நோட்டீஸ் வரும். முன்பெல்லாம் இதற்கு வங்கியிலோ வருமான வரி அலுவலகத்திலோ மனு எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது லாகின் செய்தால் சேவைகள் பகுதியில் சலான் திருத்தம் என்றே இருக்கிறது. ஆண்டை மாற்ற, பணம் கட்டிய நாளிலிருந்து 7 நாள். 100, 300, 400 என்ற வகையை மாற்ற 30 நாள். இந்த 7 நாள் கணக்கு பலருக்குத் தெரியாது, அதைத் தாண்டினால் அதிகாரியிடம்தான் போக வேண்டும். நான் மூன்றாம் நாள் விண்ணப்பித்தேன், சரியாகிவிட்டது. இந்த ஒரு வசதிக்காகவே இவர்களைப் பாராட்டலாம். 2026 ஏப்ரல் 1 முதல் என்று நிறைவேற்றிய புதிய வருமான வரிச் சட்டம் வருமானம் வந்த ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கை விட்டுவிட்டு 'வரி ஆண்டு' என்ற ஒன்றை மட்டும் வைத்திருக்கிறது. இதைப் பத்து வருஷம் முன்னாடியே செய்திருக்கலாம்.

இனி அந்த 24,000. நெட்பேங்கிங்கில் கட்டினேன், வங்கியின் பெயர் வேண்டாம். வங்கிப் பக்கத்தில் ஓடிபி போட்டு, பணம் கழிந்து, திரும்ப வரித் தளத்துக்கு வரும் வழியில்தான் அறுந்தது. சி.ஆர்.என். எண் (ஒவ்வொரு சலானுக்கும் தளம் தரும் அடையாள எண்) போட்ட சலான் இன்னும் கட்டாத பட்டியலிலேயே நின்றது, கட்டி முடித்த பட்டியலில் வரவில்லை. வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "எங்க பக்கம் சக்சஸ்னு காட்டுது மேடம், டாக்ஸ் சைட்ல கேளுங்க" என்கிறார்கள். எப்போது போய்ச் சேரும் என்று கேட்டதற்கு இரண்டு நாள் பாருங்கள் என்றார்கள். இரண்டு நாள் பார்க்க எனக்கு நேரம் ஏது? மணி ஒன்பதரை, பன்னிரண்டு அடித்தால் தவணை போச்சு.

ஒரு நாள் தாமதத்துக்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்பீர்கள். முன்வரியில் செப்டம்பர் 15 தவறினால் 16-ஆம் தேதியே கட்டினாலும் மூன்று மாத வட்டி, மாதம் 1% வீதம். எனக்கு டிடிஎஸ் போக வருஷ வரி 80,000 வரும் என்று கணக்கு. அதில் 45% என்றால் 36,000, ஜூனில் 12,000 கட்டியாயிற்று, மீதி 24,000. அது தவறினால் 720 ரூபாய் வட்டி. (36% வரை கட்டியிருந்தால் இந்தத் தவணைக்கு வட்டி இல்லை என்று ஒரு சலுகை உண்டு, என் 12,000 அதற்கு எட்டாது.) அன்றைக்கு ராத்திரி வெகு நேரம் கழித்து ரிட்டர்ன் கடைசி நாளை இன்னும் ஒரு நாள், 16 வரை நீட்டினார்கள். அது ரிட்டர்னுக்கு மட்டும்தான். முன்வரிக்கு நீட்டிப்பு இல்லை.

அப்பா ஹாலிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார், "ஏம்மா, ரசீது வந்துச்சா?" என்று. அவர் காலத்தில் வங்கி கவுன்டரில் வரிசையில் நின்று சலானும் செக்கும் கொடுத்தால், முத்திரை குத்திய அடிச்சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் நின்றாலும் திரும்பும்போது கையில் காகிதம் இருக்கும். எனக்குப் பணம் கழிந்த செய்தி மட்டும்தான் இருந்தது.

பத்தே முக்காலுக்கு வேறு கணக்கிலிருந்து யூபிஐ வழியாகப் புது சலான் போட்டு இன்னொரு 24,000 கட்டினேன். வரி கட்ட யூபிஐ வரம்பை 2024 செப்டம்பரில் 5 லட்சமாக உயர்த்திவிட்டதால் தொகை ஒரு தடையாக இல்லை. இரண்டே நிமிடத்தில் சலான் வந்தது. 17-ஆம் தேதி காலையில் பார்த்தால் முதல் சலானும் வந்து உட்கார்ந்திருக்கிறது, 15-ஆம் தேதி போட்டே. அதாவது கொஞ்சம் பொறுத்திருந்தாலும் வட்டி வந்திருக்காது. ஆனால் அதை அன்று ராத்திரி எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அதிகமாகக் கட்டிய முன்வரியை உடனே திருப்பிக் கேட்க வழியில்லை. ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டாக வாங்க வேண்டும், அல்லது அடுத்த தவணையில் கழித்துக்கொள்ள வேண்டும். 12,000, 24,000, 24,000 சேர்ந்து 60,000, அது 80,000-இல் சரியாக 75%. டிசம்பர் தவணை அப்படி முடிந்தது. நஷ்டம் இல்லை என்று சொல்லலாம், ஆனால் அந்த 24,000 மூன்று மாதம் முன்னாடியே போனதில் அக்டோபர் வீட்டு வாடகையைக் கடன் வாங்கித்தான் கொடுத்தேன். தவணைத் தவணையாகச் சம்பாதிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

கட்டப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். நெட்பேங்கிங் பட்டியலில் உங்கள் வங்கி இல்லை என்றால் பதற வேண்டாம், நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் (வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் வழிகள்) என்று தேர்ந்தெடுத்தால் ஒரு படிவம் இறங்கும், அதில் இருக்கும் கணக்கு எண்ணுக்கு எந்த வங்கியிலிருந்தும் அனுப்பலாம். தொகை மட்டும் ஒரு ரூபாய்கூட மாறாமல் இருக்க வேண்டும், சி.ஆர்.என். 15 நாள்தான் செல்லும். பேமென்ட் கேட்வே வழியாகக் கிரெடிட் கார்டில் கட்டினால் கட்டணம் உண்டு, யூபிஐக்கு இல்லை. கவுன்டரில் ரொக்கமாக என்றால் ஒரு சலானுக்கு 10,000 வரைதான்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. சலான் திருத்தத்துக்கு மட்டும் முழு மதிப்பெண். குறைத்தது வங்கிக்கும் வரித் தளத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இருட்டுக்காக. 'பணம் வங்கியிலிருந்து கிளம்பிவிட்டது, இன்ன நேரத்துக்குள் சேரும், தேதி இன்றைய தேதியாகவே கணக்காகும், மறுபடி கட்டாதீர்கள்' என்று ஒரே ஒரு செய்தி யார் அனுப்பியிருந்தாலும் நான் இரண்டாவது தடவை கட்டியிருக்க மாட்டேன். வருகிற மார்ச் தவணை 20,000. அதை 10-ஆம் தேதியே நெஃப்டில் அனுப்பிவிட்டு, சலானை அச்செடுத்து அப்பா கையில் கொடுக்கப் போகிறேன். அவர் 1980-களின் அடிச்சீட்டுகளையே இன்னும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார்.