கருவாட்டு வியாபாரத்துக்கு முகநூலா, வட்ஸ்அப்பா?

திருகோணமலையில் யாராவது சிறு வியாபாரம் தொடங்கினால் எல்லாரும் முதலில் சொல்வது, "ஒரு முகநூல் பக்கம் திறவுங்கோ" என்பதுதான். நானும் அக்காவும் கருவாடு விற்க முகநூல் பக்கம், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் பிஸ்னஸ் மூன்றையும் வைத்திருந்தோம். இப்போது வியாபாரம் நடப்பது பெரும்பாலும் வட்ஸ்அப்பில். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

மூன்றும் இலவசம். மூன்றையும் ஒரே போனில் நடத்தலாம். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் மூன்றுக்கும் வேண்டும். அதில் வித்தியாசம் இல்லை.

முகநூலின் பலம், நம்மைத் தெரியாதவர் கண்ணிலும் படுவது. கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள், நிலாவெளியில் தங்கி புறாத்தீவுக்குப் போகிறவர்கள், ஊர் திரும்பும்போது வாங்கிப்போக என்ன இருக்கிறது என்று தேடுவார்கள். கீழே ஒரு வரி சிங்களத்தில் போட்டால் குருநாகலில் இருந்தும் விசாரிப்பார்கள். இன்னொன்று, முன்பின் தெரியாதவர் வங்கியில் காசு போடுவதற்கு முன் பக்கத்தைத் திறந்து, வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார். அந்த நம்பிக்கையை வட்ஸ்அப் தராது. அதற்காகவே பக்கத்தை மூடாமல் வைத்திருக்கிறோம்.

ஆனால் பக்கத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அது முடியாது. ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், மழை விடாது. மீன் கிடைத்தாலும் காயப்போட வெயில் இல்லை. தை பிறக்கும்வரை புதிதாகப் படம் போட ஒன்றும் இருக்காது. அத்தனை காலம் பேசாமல் இருந்த பக்கத்தில், வெயில் வந்த பிறகு ஒரு பதிவு போட்டால் யார் பார்க்கிறார்கள்? லைக் போட்டவர் எல்லாருக்கும் அது போவதில்லை. 2018 ஜனவரியில், வியாபாரப் பக்கங்களைவிட உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று முகநூல் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. பிறகு காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டச் சொல்லி பூஸ்ட் பண்ண வேண்டும், அதற்கு வங்கிக் கார்ட் வேண்டும். காசு தீர்ந்ததும் பழையபடி அமைதி. ஒவ்வொரு வருடமும் முதலில் இருந்து தொடங்குவது போல.

வட்ஸ்அப்பில் இந்தச் சிக்கல் இல்லை. மாசியில் முதல் வெயிலுக்குக் கட்டாவும் சுறாவும் காய்ந்ததும் அக்கா ஸ்டேட்டஸ் போடுவார். அன்றே ஓடர் வரத் தொடங்கும். மழைக்காலத்தில் நாங்கள் ஒன்றும் போடாவிட்டாலும், "எப்ப பிள்ளை நெத்தலி வரும்?" என்று அவர்களே கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் குரல் பதிவில். தமிழில் தட்டச்சுச் செய்யப் பொறுமை இல்லாத வயதானவர்கள்தான் எங்களிடம் அதிகம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு இன்பாக்ஸ் தூரம், போனில் பேசுவது பக்கம்.

2018 இல் வந்த அந்த பிஸ்னஸ் செயலியில் விலையோடு பொருட்களை அடுக்கிவைக்கக் கட்டலொக் இருக்கிறது. காசு வந்தவர், பார்சல் போனவர் என்று லேபல் போட்டுப் பிரிக்கலாம். அடிக்கடி கேட்கும் கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் அந்தச் செய்தி போகும். ஸ்டேட்டஸ் தெரிய வேண்டுமென்றால் அவர் இலக்கமும் உங்கள் போனில் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு துண்டு வைக்கிறோம்: இலக்கத்தைச் சேமித்து, பெயரை ஒருமுறை அனுப்பிவிடுங்கோ. இந்த வேலையைச் செய்யாதவருக்கு வட்ஸ்அப் பிஸ்னஸ் வெறும் செயலிதான். சரி, இலக்கம் கிடைக்கிறதே என்பதற்காக, முன்பின் தெரியாதவர்களை எல்லாம் பட்டியலில் தள்ளவும் கூடாது. பலர் முறைப்பாடு செய்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

இலக்கத்தை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில். இன்ஸ்டகிராமை 2012 இலும் வட்ஸ்அப்பை 2014 இலும் முகநூல் வாங்கியது. 2021 ஒக்டோபர் 4 அன்று மூன்றும் ஒன்றாக ஆறு மணித்தியாலம் அளவில் விழுந்துகிடந்தன. நம் நாட்டில் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று அரசாங்கமே இவற்றைத் தடுத்துவைத்த நாட்களும் உண்டு. அப்படியான நாளில் பக்கத்தை லைக் பண்ணியவர்களை எங்கே தேடுவது? இலக்கம் இருந்தால் கோல் எடுக்கலாம், எஸ்எம்எஸ் போடலாம். அக்கா எல்லா இலக்கத்தையும் ஒரு கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறார், ஊரோடும் வாங்கும் கருவாட்டோடும். போன் கடலில் விழுந்தாலும் வியாபாரம் நிற்காது.

இன்ஸ்டகிராம் பற்றி நான் உறுதியாகப் பேச மாட்டேன். கருவாட்டுக்கு அது எங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை, அவ்வளவுதான். உப்புவெளியில் அறை வாடகைக்கு விடுகிறவருக்கும், திமிங்கிலம் பார்க்கப் படகு ஓட்டுகிறவருக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். அவர்களிடம் வருகிறவர் ஒருமுறை வந்து போகிற வெளிநாட்டுக்காரர். இலக்கத்தைச் சேமிக்கச் சொல்வதில் பயன் குறைவு, படம்தான் ஆளை இழுக்கும். திரும்பத் திரும்ப வாங்குகிற பொருள் என்றால், கிண்ணியாத் தயிரோ தையலோ கேக்கோ, நான் வட்ஸ்அப்பில் தொடங்கவே சொல்வேன். பக்கமும் திறவுங்கள். அதில் வட்ஸ்அப் பொத்தானை வைத்து, விசாரிக்கிறவர்களை அங்கே வரச் செய்யுங்கள். சீசன் கூட்டம் வரும் வைகாசி முதல் ஆவணி வரைதான் இலக்கம் சேர்க்க நல்ல காலம்.