எந்தக் கம்ப்ரெசரைக் கட்டுவது: ஃபெட், ஆப்டோ, வி.சி.ஏ. ஓர் ஒப்பீடு

சொந்தமாக ஆடியோ கம்ப்ரெசர் (உரத்த ஒலியைத் தானாகத் தணிக்கும் கருவி) கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் எது எப்படி ஒலிக்கும் என்பதை வைத்தே வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கட்டி முடித்துச் சுவிட்சைப் போட்ட பிறகு கருவி சரியாக இயங்காவிட்டால், பிழை எங்கே இருக்கிறது என்பதை ஒரு மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா? முதல் முறை கட்டுபவர்களுக்கு ஒலியின் நிறத்தைவிட இந்தக் கேள்வியே பெரியது என்று உறுதியாக நம்புகிறேன். அந்த அளவுகோலால்தான் இங்கே மூன்று வகைகளையும் ஒப்பிடுகிறேன்: வெளிச்சத்தைக் கொண்டு தணிக்கும் ஆப்டோ, ஒருவகை டிரான்சிஸ்டரான ஃபெட், மின்னழுத்தத்தால் கட்டுப்படும் ஆம்ப்ளிஃபையரான வி.சி.ஏ.

எல்லாக் கம்ப்ரெசர்களிலும் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்றில் ஒலி செல்கிறது. சைட்செயின் எனப்படும் மற்றொன்று அந்த ஒலியின் அளவைக் கணித்து, ஒலியைத் தணிக்கும் உறுப்புக்குக் கட்டளை அனுப்புகிறது. எனவே எந்த வகையானாலும் பழுது பார்ப்பதன் முதல் படி, அந்தக் கட்டளையை நிறுத்திவிட்டு, கருவி வெறும் ஆம்ப்ளிஃபையராக ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான். இந்தப் பிரிப்பு எவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

ஆப்டோ வகையில் இது மிகவும் எளிது. 1960-களில் வந்த எல்.ஏ-2ஏ கருவியில், மின்னொளிப் பலகை ஒன்று ஒளிர்ந்து, அதன் எதிரே இருக்கும் ஒளி உணர் ரெசிஸ்டரின் (எல்.டி.ஆர்.) மின்தடையைக் குறைக்கிறது. இன்று சொந்தமாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பலகைக்குப் பதிலாக எல்.இ.டி.யையே பயன்படுத்துகிறார்கள். எல்.இ.டி. அணைந்திருந்தால் கம்ப்ரஷன் இல்லை. சைட்செயினின் கட்டளை வெளிச்சத்தால் மட்டுமே ஒலிப் பாதையை அடைவதால், அதன் கோளாறு மின்வழியாக ஒலிப் பாதைக்குள் நுழைவது குறைவு. எல்.டி.ஆரைப் போர்டில் பொருத்துவதற்கு முன்பே, எல்.இ.டி.க்குத் தகுந்த ரெசிஸ்டர் வழியாகச் சிறு மின்னோட்டம் கொடுத்து, அதைக் கூட்டிக் குறைத்து, எல்.டி.ஆரின் மின்தடை மாறுவதை மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம். இருட்டில் மிக உயர்ந்தும், நல்ல வெளிச்சத்தில் சில நூறு ஓமுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியும் காட்டினால் அந்த உறுப்பு நலம். பெட்டியின் மூடி திறந்திருக்கும்போது மட்டும் கருவி தானாகவே ஒலியைத் தணித்தால், வெளிவெளிச்சம் கசிகிறது என்று பொருள். கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயை இரு முனைகளிலும் முழுமையாக மூடினால் அது தீர்ந்துவிடும்.

இதன் குறை, வேகம் போதாமை. எல்.ஏ-2ஏ தணிக்கத் தொடங்க ஏறக்குறைய 10 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. விடும்போது பாதி அளவு சுமார் 60 மில்லி விநாடியில் மீள, எஞ்சியது சில விநாடிகள் வரை இழுக்கிறது. குரலுக்கு இது அழகு. டிரம்ஸின் கூர்மையான அடிகளுக்குப் போதாது. இதே கருவியை வால்வுகளோடு அசல்படி கட்டுவதை முதல் முயற்சியாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் இருக்கிறது, மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கபாசிட்டர்கள் அதைத் தாங்கி நிற்கும். ஆப்-ஆம்ப் (குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் ஆம்ப்ளிஃபையர் சிப்) கொண்டு கட்டும் ஆப்டோவே தொடக்கத்துக்குத் தகுந்தது.

ஃபெட் வகைதான் அதிகம் பேரை ஈர்க்கிறது. அதிகம் பேரைத் தவிக்கவிடுவதும் அதுதான். 1967-இல் வந்த 1176 இதன் முன்மாதிரி: 20 மைக்ரோ விநாடி அளவுக்கு விரைந்து தணிக்கக்கூடியது, 4:1 (உள்ளீடு 4 டெசிபெல் உயர்ந்தால் வெளியீடு 1 டெசிபெல் மட்டும் உயரும்) முதல் 20:1 வரை விகிதங்கள். இதில் ஃபெட், மின்னழுத்தத்தால் கட்டுப்படும் ரெசிஸ்டராக வேலை செய்கிறது. ஆனால் ஒரே எண் அச்சிட்ட இரண்டு ஃபெட்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2என்5457 என்ற ஃபெட்டை எடுத்துக்கொண்டால், அது முழுமையாக அடைபடும் கேட் (ஃபெட்டின் கட்டுப்பாட்டுக் கால்; மற்ற இரண்டும் டிரெயின், சோர்ஸ்) மின்னழுத்தம் −0.5 முதல் −6 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. ஆகவே சால்டர் செய்வதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டை 9 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையோடும் டிரெயினை நேர்முனையோடும் இணைத்து, சோர்சுக்கும் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்தால், மீட்டரின் சொந்த 10 மெகா ஓம் தடையே சுமையாகி, அடைபடும் மின்னழுத்தத்தை ஏறக்குறைய காட்டிவிடும்.

இதில் கட்டளையை நிறுத்தினாலும் ஃபெட் தன் பயஸ் (கேட்டுக்கு நிலையாகக் கொடுக்கும் மின்னழுத்தம்) நிலையிலேயே இருக்கும். அந்த பயஸ் தவறானால் ஒலிப் பாதையும் தவறாகவே தெரியும். பிரிப்பு கடினமாவது இதனால்தான். கம்ப்ரஷனை அணைத்து, பயஸ் டிரிம்மரை (திருகிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டரை) ஃபெட் முழுமையாக அடைபடும் முனைக்குத் திருப்பி, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் வெளியீட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு மெதுவாகத் திருப்பி வெளியீடு 1 டெசிபெல் குறையும் இடத்தில் நிறுத்துவதே வழக்கமான முறை. டிரிம்மரைத் திருப்பியும் வெளியீடு அசையவே இல்லையென்றால், எதிர்மின்னழுத்த வழங்கலையும் ஃபெட்டின் கால் வரிசையையும் பார்க்க வேண்டும். டிரெயினும் சோர்சும் இடம் மாறினால் பெரும்பாலும் ஓடிவிடும். கேட் மாறினால் ஓடாது. தணிக்கும்போது மட்டும் ஒலி கரகரத்தால், டிரெயினிலிருந்து பாதிச் சமிக்ஞையைக் கேட்டுக்குக் கொடுக்கும் ரெசிஸ்டர் ஜோடியைச் சந்தேகிக்கலாம்.

வி.சி.ஏ. வகை அளவீட்டுக்கு மிக நேர்மையானது. தாட் நிறுவனத்தின் 2180 வகைச் சிப்களில் கட்டுப்பாட்டு முனையில் 0 வோல்ட் என்றால் கூடுதலும் இல்லை, தணிப்பும் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிபெல்லுக்கும் ஏறக்குறைய 6.1 மில்லிவோல்ட். மீட்டரில் 61 மில்லிவோல்ட் தெரிந்தும் ஒலி 10 டெசிபெல் மாறவில்லை என்றால் பிழை வி.சி.ஏ.யின் பக்கம், மின்னழுத்தமே வரவில்லை என்றால் சைட்செயின். இவ்வளவு தெளிவான தீர்ப்பு மற்ற இரண்டிலும் கிடைக்காது. அந்த நுண்மையே இதன் பலவீனமும் ஆகிறது: கட்டுப்பாட்டுக் கம்பியில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் புகுந்தால் ஒலி 0.16 டெசிபெல் ஆடும். ஆகவே கிரவுண்ட் இணைப்புகளில் சோம்பல் கூடாது. அதே நிறுவனத்தின் 2181 சிப்பை வாங்கினால் சிமெட்ரி (அலையின் மேல், கீழ்ப் பாதிகளின் சமநிலை) டிரிம்மரைச் சரிசெய்ய வேண்டும். 2180 ஆலையிலேயே சரிசெய்யப்பட்டு வருகிறது என்பதால் முதல் முறைக்கு அதுவே மேல்.

ஸ்டீரியோ தேவைப்படுபவர்கள் வி.சி.ஏ.யைத் தேர்வதில் தயங்க இடமில்லை. ஒரே கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை இரண்டு வி.சி.ஏ.க்களுக்கும் கொடுத்தால் இரு சேனல்களும் சேர்ந்து இறங்கும். ஃபெட்டிலும் ஆப்டோவிலும் அதைச் சாதிக்க, பல உறுப்புகளை வாங்கி அளந்து ஜோடி சேர்த்தாக வேண்டும். ஜோடி சேராவிட்டால் ஒவ்வொரு உரத்த அடிக்கும் பாட்டு இடமோ வலமோ சாயும்.