ஆர்டிஎக்ஸ் 3060, 4060: சேலத்து வெயிலில் ஓர் ஒப்பீடு

அஸ்தம்பட்டியில் திருமணக் காணொளிகளைத் தொகுத்துத் தரும் நான், என்விடியாவின் இவ்விரு கிராபிக்ஸ் அட்டைகளையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன்.

2021-இல் வெளிவந்த 3060-இல் 3,584 குடா (CUDA) கோர்களும், அதாவது கணக்கிடும் சிறு அலகுகளும், 192 பிட் அகலத் தரவுப் பாதையில் இயங்கும் 12 ஜிபி நினைவகமும் உள்ளன. 2023-இல் வந்த 4060-இலோ 3,072 கோர்கள், 128 பிட், 8 ஜிபி மட்டுமே. எண்களை மட்டும் பார்ப்பவர் பழையதையே எடுப்பார். ஆயினும், உச்சக் கடிகார வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46-ஆகவும், எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேகச் சிறு நினைவகம்) 3 எம்பியிலிருந்து 24 எம்பியாகவும் உயர்ந்திருப்பதால், 1080பி விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் புதியதே முந்துகிறது. ஏவி1 என்னும் புதிய சுருக்க வடிவில் காணொளியைப் பதிவுசெய்யும் வசதியும் அதற்கு மட்டுமே உண்டு.

என்னைக் கவர்ந்தது வேகமன்று, வெப்பம். 170 வாட் இழுக்கும் 3060, ஏ.சி. இல்லாத என் அறையைச் சித்திரை மாதத்தில் அடுப்படியாக்கிவிடும். 4060-க்கு 115 வாட் போதும். (ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இராது.)

ஆனால், பல அடுக்குகள் கொண்ட 4கே தொகுப்பில் 8 ஜிபி விரைவில் நிரம்பித் திணறுகிறது. 4060, மதர்போர்டுடன் தரவைப் பரிமாறும் பிசிஐஇ இணைப்பில் எட்டுத் தடங்களையே பயன்படுத்துவதால், அவ்விணைப்பின் வேகம் குறைந்த முந்தைய பதிப்பான பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் அத்திணறல் கூடுகிறது. ஆகவே என் தொகுப்புக் கணினியில் 3060-ஐயே வைத்துக்கொண்டு, புதியதைத் தம்பியின் விளையாட்டுக் கணினிக்குக் கொடுத்துவிட்டேன்.