ஐந்து தட்டு டூல் பாக்ஸ்: ஆறு வருடமும் 24 ரிவெட்டும்

"ஐந்து தட்டு டூல் பாக்ஸ் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன், உங்களுடையது எப்படி?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. அந்தப் பெட்டியில் எட்டு ரிவெட்டை (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தலை தட்டிய ஆணி) பெயர்த்துவிட்டு போல்ட் போட்ட கையோடுதான் இதை எழுதுகிறேன்.

17 அங்குல இரும்புப் பெட்டி, வயது ஆறு. அடியில் ஒரு பெரிய தட்டு, அதன்மேல் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தட்டுகள். எந்த இரும்புக் கடையிலும் வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதான். தகடு, பெயிண்ட், பூட்டு மாட்டும் கொண்டி எதிலும் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் ரிவெட்டில்.

இந்தப் பெட்டியில் ஒவ்வொரு முனையிலும் தட்டுகளை இணைக்கும் நான்கு இரும்புப் பட்டைகள், ஒரு பட்டைக்கு மூன்று ரிவெட். இரு முனைக்கும் சேர்த்து 24. பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் இணையாக இருப்பதால்தான் விரிக்கும்போது தட்டு சாயாமல் கிடைமட்டமாக வெளியே வருகிறது. பெட்டியின் அழகே அந்த இணைதான். ஒரு ரிவெட் துளை அரை மில்லிமீட்டர் முட்டைவடிவமாகிவிட்டால் இணை போய்விடும். தட்டு ஒரு முனையில் தொங்கும், எதிர்த்தட்டின் விளிம்பில் உரசும், மூடும்போது கடைசி ஓர் அங்குலத்தில் மாட்டிக்கொள்ளும். முழங்காலை வைத்து அழுத்தி மூடுவார்கள், அதில் அடுத்த துளையும் விரியும். முதலில் போவது எப்போதும் அடித்தட்டில் இருக்கும் ரிவெட், மேலே உள்ள இரண்டு தட்டின் பாரமும் அதன்மேல்தான் இறங்குகிறது. பாதி திறந்த பெட்டியை ஒற்றைக் கைப்பிடியில் தூக்கினால் இன்னும் சீக்கிரம்.

இதற்கு பாப் ரிவெட் (கைக் கருவியால் இழுத்து இறுக்கும் ரிவெட்) அடிக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பாப் ரிவெட் இரண்டு தகட்டை இறுக்கிப் பிடிக்கத்தான், கீல் மாதிரி சுழல்வதற்கு அல்ல. அதன் தண்டு உள்ளே குழல், பெரும்பாலும் அலுமினியம் வேறு. சில மாதத்தில் தேய்ந்து மறுபடி ஆடும். கிரைண்டரில் தலையைச் சீவுவதும் வேண்டாம், சூட்டில் சுற்றியுள்ள பெயிண்ட் கருகி, துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

சரியான வழி நிதானமானது. ரிவெட் தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் (குழி போடும் கூர்முனை இரும்பு) அடித்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி 5 மி.மீ.க்குப் போனால் தலை மோதிரமாகக் கழன்று வரும். தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். துளை வட்டமாக இருந்தால் M5 போல்ட் (5 மி.மீ. தடிமன்), 12 மி.மீ. நீளம். முட்டைவடிவம் ஆகியிருந்தால் 6 மி.மீ.க்குப் பெரிதாக்கி M6, 16 மி.மீ. நீளம். போல்ட் தலை தட்டின் உள்பக்கம், நட் வெளியே. மாற்றிப் போட்டால் ஸ்பேனர் எடுக்கும்போதெல்லாம் விரல் கிழியும். தட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாஷர் அவசியம். சமையல் எண்ணெய் கேனை வெட்டி, ஆபீஸ் பேப்பர் பஞ்சால் துளையிட்டால் கச்சிதமான வாஷர் கிடைக்கும். நட் கண்டிப்பாக நைலாக்தான் (உள்ளே நைலான் வளையம் இருப்பது), சாதா நட் திறந்து மூடும் ஆட்டத்தில் தானாகக் கழன்றுவிடும். முழுக்க இறுக்கி, கால் சுற்று பின்னால் விட வேண்டும். ஒரு ரிவெட்டை எடுத்து, போல்ட் போட்ட பிறகே அடுத்ததில் கை வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் தட்டை நேராக நிறுத்துவதற்கே ஒரு பொழுது போகும்.

நியாயமாகச் சொன்னால், பாதித் தப்பு அடுக்குவதில் இருக்கிறது. சுத்தியல், பைப் ரிஞ்ச், பெரிய ஸ்பேனர் எல்லாம் அடித்தட்டில்தான் இருக்க வேண்டும். மேல்தட்டில் டெஸ்டர், இன்சுலேஷன் டேப், திருகாணி. திருகாணிக்குப் பெருங்காய டப்பா அருமையான பொருள், ஆனால் படுக்கவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் பெட்டி மூடாது, மூடாத பெட்டியை அழுத்தினால் மறுபடி ரிவெட்தான். (வாசனை ஆறு வருடமாகப் போகவில்லை.)

மழைக்காலத்தில் அடித்தட்டின் மடிப்பு மூலைகளில் நீர் தங்கும். நான்கு மூலையிலும் 4 மி.மீ. துளையிட்டு, துளையின் விளிம்பில் ரெட் ஆக்ஸைடு (துரு தடுக்கும் சிவப்பு பிரைமர்) தடவிவிட்டால் தங்காது. பழைய ஹவாய் செருப்பிலிருந்து நான்கு துண்டு வெட்டி அடியில் கால்களாக போல்ட் செய்தால் ஈரத் தரையை விட்டு எழும்பி நிற்கும், டைல்ஸிலும் கீறல் விழாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இந்தப் பெட்டிக்குள் வீண், சுற்றிலும் இடுக்கு இருக்கிறதே. தையல் மெஷின் எண்ணெயில் நனைத்துப் பிழிந்த பனியன் வேஸ்ட் ஒரு பிடி போதும்.

இத்தனைக்கும் தொழில் செய்பவர்கள் பலர் இந்தப் பெட்டியைத் தொடுவதில்லை. கொத்தனாரின் கரண்டியும் தூக்குக்குண்டும் வயர் கூடையில் போகின்றன. கழுவிப் போட்டால் தண்ணீர் வடிந்து காற்றில் காய்ந்துவிடும், தகரப் பெட்டியில் மூடினால் மறுநாளே துரு. பிளம்பர்கள் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைக் கைப்பிடியை விட்டுவிட்டு வாய் வெட்டிக்கொள்கிறார்கள். அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. வெட்டும் வாயின் நான்கு மூலையிலும் முதலில் துளையிட்டு, துளையிலிருந்து துளைக்கு வெட்ட வேண்டும். கூர்மூலை விட்டால் பாரம் ஏறியதும் அங்கிருந்து கிழியும். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் பழைய ஜீன்ஸ் பாக்கெட்டுகளைச் சுற்றித் தைத்து மாட்டுகிறார்கள். நடுவில் நான்கு அங்குல பிவிசி குழாய்த் துண்டு நிறுத்தினால் நீளத் திருப்புளிகள் நிற்கும், மூடியைப் போட்டால் உட்கார ஸ்டூல். ஆசாரிகளின் உளிக்கும் இரும்புப் பெட்டி ஆகாது. ஸ்பேனரில் இடித்து முனை உதிரும். போட்டே தீர வேண்டுமென்றால் மூன்று அங்குல நீளத் தோட்டக் குழாய்த் துண்டை நீளவாட்டில் கீறி உறையாகச் செருக வேண்டும்.

ஆனாலும் இரண்டு கைப்பிடியையும் பிடித்து விரிக்கும் அந்த ஒரு நொடியில், இருக்கிற சாமான் எல்லாம் ஒரே பார்வையில் கண்ணுக்குத் தெரியும். பக்கெட்டிலும் பையிலும் அது நடக்காது, கையை விட்டுத் துழாவத்தான் வேண்டும். மின்சாரம் போன இரவில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டெஸ்டர் தேடும்போது அதன் அருமை தெரியும்.

நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். பக்கெட் போதும். போல்ட் போட்ட பழைய பெட்டியைக் கொடுங்கள் என்று கேட்டுவிடவும் வேண்டாம், இன்னும் 16 ரிவெட் பாக்கி இருக்கிறது.