வெளிநாட்டு மாணவர்களுக்கான எங்கள் பல்கலைக்கழகச் சமூகத் தளம்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் தீராத ஒரு குறை

ஒருவழியாக நுழைவு முறையைச் சரிசெய்துவிட்டார்கள். ஜெர்மனியில் நான் முதுநிலை படித்த பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கென நடத்தும் சமூகத் தளத்தில், பல்கலைக்கழக மின்னஞ்சல் இருந்தால்தான் இதுவரை உள்ளே போக முடியும். அந்த மின்னஞ்சலோ மருத்துவக் காப்பீட்டுச் சான்று கொடுத்து, பருவக் கட்டணம் கட்டி, சேர்க்கை முடிந்த பிறகே கைக்கு வரும். ஆனால் விவரம் தெரிந்த நாலு பேரின் துணை ஒருவருக்கு அவசியமாவது அதற்கு முந்தைய மாதங்களில்தான். அப்போது அனுமதிக் கடிதம் மட்டும் இருக்கும். விசா இருக்காது, தங்க அறை இருக்காது, எவ்வளவு பணம் புரட்ட வேண்டும் என்ற கணக்கும் தெளிவாக இருக்காது. அந்த மாதங்கள் முழுவதும் தளம் பூட்டியே கிடந்தது. இந்தக் கோடையிலிருந்து விண்ணப்ப எண்ணைக் கொடுத்தே சேரலாம். நாங்கள் பலரும் திரும்பத் திரும்ப எழுதிக் கேட்ட மாற்றம் இது. செய்தவர்களுக்கு மனதார நன்றி.

இதைக் கேள்விப்பட்டதும், அக்டோபரில் அங்கே சேரவிருக்கும் என் சித்தி மகள் கேட்டாள்: "அக்கா, இதில் சேரட்டுமா, நம் ஊர் வாட்ஸ்அப் குழுவே போதுமா?" சேர்ந்துவிடு, ஆனால் பணம், விசா பற்றி அங்கே இருக்கும் எதையும் நம்பி முடிவெடுக்காதே என்றேன். அப்படியென்றால் எதற்குச் சேர வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் இங்கே.

முதலில் இந்தத் தளத்தின் உயிர்நாடி. கணக்குத் தொடங்கும்போது உங்கள் நாடு எது என்று கேட்டு நாட்டுக் குழுவில் தள்ளிவிடுவதுதான் இத்தகைய தளங்களில் வழக்கம். இது அப்படிச் செய்வதில்லை. எந்த மாதம் வருகிறீர்கள் என்று கேட்கிறது. ஒரே மாதத்தில் வந்திறங்குபவர்களைச் சிறு சிறு 'வருகைக் குழு'க்களாகச் சேர்த்துவிடுகிறது. 2022 குளிர்காலப் பருவத்தில் என் குழுவில் ஈரான், கேமரூன், வியட்நாம், கொலம்பியா என்று பல நாட்டவர் இருந்தார்கள். பொதுவாக என்ன இருந்தது என்றால், எல்லோருக்கும் அதே வாரத்தில் அதே வேலைகள் இருந்தன. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். பதிவுச் சான்று வந்தால்தான் அடுத்தடுத்த வேலைகள் நகரும். குழுவில் ஒருவருக்கு முன்பதிவு நேரம் கிடைத்தால், எப்படிக் கிடைத்தது என்பது அன்றைக்கே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். கேமரூன் தோழி எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை விட்டதால் திருப்பி அனுப்பப்பட்டாள் என்பது எனக்கு முந்தின நாளே தெரிந்திருந்ததால், நான் ஒரே நடையில் வேலையை முடித்தேன்.

நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவை நான் குறைத்துச் சொல்லவில்லை. பொங்கலுக்குக் கூடுவதும், கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்பதும், ஊருக்குப் போகிறவரிடம் மருந்து சொல்லி அனுப்புவதும் அங்கேதான் நடக்கும். ஆனால் எல்லோரும் ஒரே வழியில் வந்தவர்கள் என்பதால், ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டதை எல்லோரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். வருகைக் குழுவில் வியட்நாம்காரர் வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பார். உடனே யார் சொல்வது சரி என்று தேடத் தொடங்குவோம்.

அறை தேடும் பிரிவும் நன்றாகவே இருக்கிறது. தொலைபேசி எண்ணை யாருக்கும் காட்டாமல் பேச முடிவது, தனியாக வரும் பெண்களுக்குப் பெரிய நிம்மதி. ஒவ்வொரு விளம்பரத்தின் கீழும் தளமே ஒரு குறிப்பைக் காட்டுகிறது: முன்பணம் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது, வெப்பச் செலவு அந்தக் கணக்கில் சேராது, மூன்று தவணையாகவும் கட்டலாம். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று வரும் மோசடி விளம்பரங்களை ஞாயிற்றுக்கிழமையில்கூட நீக்கிவிடுகிறார்கள். அதைச் செய்பவர்கள் பகுதி நேரமாக வேலை பார்க்கும் மாணவ உதவியாளர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, மூன்றாண்டுகளாக என் பொறுமையைச் சோதிக்கும் கேள்வி-பதில் பிரிவு.

அங்கே பதில்கள் இதயக்குறிகளின் எண்ணிக்கைப்படி வரிசையாகின்றன. ஒருமுறை விழுந்த இதயக்குறி ஒருநாளும் தேய்வதில்லை. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டவரில் இன்று இந்தியர்களே மிகப் பெரிய கூட்டம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஏறத்தாழ 49,000 பேர். ஆகவே இந்தியர் கேட்கும் கேள்விக்கு முதலில் வந்த பதில் மளமளவென்று இதயக்குறிகளைச் சேர்த்துக்கொண்டு உச்சியில் உட்கார்ந்துவிடுகிறது. பிறகு விதி மாறுகிறது. பதில் மாறுவதில்லை.

இந்திய மாணவர்கள் விசாவுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படுவது) காட்ட வேண்டும் என்பது 2022 நவம்பர் 1 முதல் கட்டாயம். 'இந்தியர்களுக்கு அது தேவையில்லை' என்ற பதில் அதற்கு முன்பு சரியானது. அது வெகுகாலம் முதலிடத்திலேயே இருந்தது. மாணவர்கள் ஆண்டுக்கு 120 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்ற வரம்பு, 2024 மார்ச் முதல் 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்களாக உயர்ந்தது. பழைய பதிலை நம்பிய தோழி ஒருத்தி, அந்த ஆண்டின் கடைசியில் கிடைத்த வேலை நாட்களை மறுத்துவிட்டாள். வாடகைக்குத் தட்டுப்பாடு இருந்த மாதம் அது.

எல்லாவற்றிலும் கொடியது பிளாக்டு அக்கவுண்ட் விவகாரம். ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே அந்தக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது விசாவுக்குப் போகிற எவருக்கும் தெரியும். 2023 முதல் 11,208 யூரோ. 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. தளத்தில் முதல் பதில் 11,208 என்றே நின்றது. கோயம்புத்தூரிலிருந்து அடுத்த பருவத்தில் சேரவிருந்த ஒரு தம்பிக்கு, தெரிந்த ஒருவர் அந்தப் பதிலைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். அவன் அதன்படியே கட்டினான். 696 யூரோ குறைவு. கடனுக்கு மேல் கடன் வாங்கி மீதியை அனுப்பி, புதிய சான்று வாங்கிக் கொடுப்பதற்குள் வகுப்புகள் தொடங்கிவிட்டன. அவனுடைய அப்பா என்னிடம் போனில், "பல்கலைக்கழகத்தின் தளம்தானே அம்மா, அதில் தப்பாகப் போடுவார்களா?" என்று கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் அந்தக் குரலை நினைத்தால் கோபம் வருகிறது.

சரியான தொகையைச் சொன்ன பதிலும் அதே பக்கத்தில் இருந்தது, ஐந்தாறு இதயக்குறிகளோடு அடியில். பதிலின் தேதியைப் பார்க்கலாமே என்றால், கணினியில் அது மங்கிய எழுத்தில் இருக்கும்; கைப்பேசியில் இருக்கவே இருக்காது. புதிதாகக் கேட்டு விடுவோம் என்றால், 'இது ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று தளம் கேள்வியை மூடிவிட்டு, அதே பழைய பதிலுக்கே அனுப்பிவைக்கும்.

பதில் எழுதியவர் எந்த நாட்டவர் என்பதும் தெரிவதில்லை. அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா போன்ற சில நாட்டவர் விசா இல்லாமல் வந்திறங்கி, இங்கே வந்த பிறகு வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 'விசா பற்றிக் கவலைப்படாதீர்கள், வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று கொரிய மாணவர் எழுதியது அவருக்கு முற்றிலும் உண்மை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதை நம்பினால் விமானமே ஏற முடியாது.

இது தீர்க்க முடியாத சிக்கலும் அல்ல. நிரலாளர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்துக்கும் இதே நோய் இருந்தது. கேள்வி கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதிலை எப்போதும் உச்சியில் வைக்கும் வழக்கத்தை 2021-ல் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு, அண்மையில் விழுந்த வாக்குகளுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். எங்கள் தளத்துக்கோ அதைவிட எளிய வழி கையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் காலம் ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை புரள்கிறது. அந்த இரண்டு நாட்களில் பணம், விசா, வேலை பற்றிய பதில்களை மட்டும் எடுத்து, ஆறு மாதத்துக்கு முன் வந்திறங்கிய வருகைக் குழுவிடம் 'இது இன்றும் சரியா?' என்று கேட்டால் போதும். அதே அலுவலகத்தில் அதே வரிசையில் அண்மையில் நின்றவர்கள் அவர்கள்தான். அவர்கள் ஆம் என்று சொல்லாத பதில் கீழே இறங்கட்டும். பனிக்கு எந்தக் காலணி நல்லது என்ற பதில் பத்தாண்டு அங்கேயே இருந்தாலும் கேடில்லை. தேதியையும், எழுதியவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டில் வந்தார் என்பதையும், அவர் சம்மதித்தால், பதிலின் தலையிலேயே போடட்டும்.

இதை எழுதி அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஆள் குறைவு, பணம் குறைவு, நுழைவு முறையை மாற்றுவதற்கே தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் பலமுறை போக வேண்டியிருந்தது என்று அங்கே வேலை செய்த நண்பர் சொன்னார். நம்புகிறேன். ஆனால் வரிசையை மாற்றாமல் கதவை மட்டும் திறந்ததில் ஆபத்து கூடிவிட்டது என்பதை அவர்கள் உணர வேண்டும். முன்பு உள்ளே வந்து அந்தப் பதில்களை வாசித்தவர்களில் பெரும்பாலோர் பணத்தைக் கட்டி, விசா வாங்கி வந்து சேர்ந்துவிட்டவர்கள். பழைய தொகையால் அவர்களுக்கு நட்டம் இல்லை. இப்போது வாசிப்பவர்கள் இன்னும் பணம் கட்டாதவர்கள். அந்தத் தம்பிக்காவது படம் பிடித்து அனுப்ப இன்னொருவர் தேவைப்பட்டார். இனி அந்த இடையாளும் வேண்டாம்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஐந்துக்கு நான்கு பெற வேண்டிய தளம் இது. நான் இரண்டு போட்டிருக்கிறேன், கேள்வி-பதில் பிரிவு இப்படியே இருக்கும்வரை மாற்றப் போவதில்லை. வருகைக் குழுவுக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போட இடமிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.